ஒரு சொட்டும் கசியாத பானைகள்

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி, நான் உட்கார்ந்துகொள்கிறேன். ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்குக் காற்று பட்டால் காது அடைத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் தோளில் இடிப்பான். எங்கே உட்கார்ந்தாலும் எனக்கு ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். நான் வாங்கி வந்த வரம் அப்படி.

மானாமதுரைக்குப் போகிறேன். வேலை விஷயமாக. என்ன வேலை என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்காமல் ஒன்றைச் சொல்வது எனக்கும் பிடிக்காது. ஆனால் பஸ் அருப்புக்கோட்டை தாண்டவே வெகுநேரம் ஆகும். அதுவரைக்கும் இரண்டு பேரும் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் சண்டைக்காரிகள் என்று நினைப்பார்கள்.

என் பெயர் செண்பகவடிவு. விளாத்திகுளத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். செவ்வரளி மகளிர் குழு என்று ஒன்று அங்கே இருக்கிறது, நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதற்கு நான் தலைவி. குழு தொடங்கிய நாளிலிருந்து நான்தான். ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். தம்பிக்கு அம்மை போட்டிருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நிறுத்தினார்கள். அவன் குணமாகிப் பள்ளிக்கூடம் போய்விட்டான், நான் போகவில்லை. அது போகட்டும். வீட்டில் நான் வாய் திறந்தால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். மகன் திருப்பூரில் இருக்கிறான், போன் போட்டால் "அப்புறம் பேசுறேம்மா" என்பான். குழுக் கூட்டத்தில் மட்டும்தான் நான் எழுந்து நின்றால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அது போனால் எனக்கு என்ன மிச்சம், சொல்லுங்கள்? போகவில்லை, போகாது. இப்போது ஒரு தற்காலிக ஏற்பாடு நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனி மாதம் தலைவி தேர்வு. ஒவ்வொரு தடவையும் "வடிவு மதினியே இருக்கட்டும்" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இந்த வருசம் தை மாதத்திலேயே ஒரு முணுமுணுப்பு. சண்முகக்கனி வரலாமே, பிளஸ் டூ படித்த பிள்ளை, சத்தம் போடாமல் பேசுகிறாளே என்று. யார் கிளப்பியது என்று எனக்குத் தெரியும். மாடத்திதான். அவளும் நானும் ஒரே வருசத்தில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பது அவள் நினைப்பு. சத்தம் போடாமல் ஒரு குழுவை நடத்த முடியுமா தங்கச்சி? ஆட்டை ஓட்டுகிறவன்கூடச் சத்தம் போடத்தானே வேண்டியிருக்கிறது.

சரி, பானை விஷயத்துக்கு வருகிறேன்.

ஊருக்கு மேற்கே மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் குழுவுக்கு விட்டிருக்கிறார்கள். கரிசல். மழை பெய்தால் காலை விடாது, வெயில் அடித்தால் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அதில் ஆளுக்கொரு பாத்தி. கத்திரி, வெண்டை, கொத்தவரை, வீட்டுக்கு ஆகிற காய். தண்ணீருக்கு லாரிதான். பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் நிரப்பிவிட்டுப் போவான், ஆளுக்கு இத்தனை குடம் என்று நான் பங்கு வைப்பேன். பங்குனி வந்தால் எவ்வளவு ஊற்றினாலும் வெயிலே குடித்துவிடும். வருசா வருசம் செடி கருகும், வருசா வருசம் நாங்கள் வருத்தப்படுவோம். அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எங்களை மாதிரிக் குழுக்களுக்கு உதவி பண்ணுகிற ஒரு டிரஸ்டிலிருந்து அகிலன் சார் வந்தார். சார் என்றாலும் என் மகன் வயசுதான். பானை கொடுக்கிறோம், புதைத்து வையுங்கள் என்றார். மண்பானையைக் கழுத்துவரைக்கும் குழியில் இறக்கி, சுற்றி மண்ணை அணைத்து, உள்ளே தண்ணீரை நிரப்பி, மேலே மூடி போட்டுவிட வேண்டும். பானையைச் சுற்றிச் செடி. பானை மெல்ல மெல்லக் கசியும், அந்த ஈரத்தைத் தேடி வேர் வரும், வெயில் குடிக்காது, களைக்குப் போகாது, பாதித் தண்ணீரில் பயிர் வரும் என்றார். நல்ல விஷயம்தான். நான் அவருக்குப் பொன்னாடை போர்த்தினேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். பேச்சுக்குப் பேச்சு அந்தப் பிள்ளை "கசியும், கசியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு மனசு இரங்கிவிட்டது. சும்மா கொடுக்கிற பொருளில் குறை இருக்கத்தான் செய்யும். சும்மா வந்த குடம் ஒழுகும், சும்மா வந்த சேலை ஒரு தண்ணியிலே சாயம் விடும். நாம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறோம். ஆனால் கொடுக்கும்போதே "இது ஒழுகும்மா" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிக் கொடுத்த ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நேர்மையான பிள்ளை. அவர் குறையை அவர் சொல்லிவிட்டார், அதைச் சரி பண்ணிக்கொள்வது நம் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பானைகள் டெம்போவில் வந்து இறங்கின. தட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்கம் முழுக்க வேர்த்துவிட்டது. இதையா மண்ணுக்குள் வைப்பது? லாரித் தண்ணீரை இதிலா ஊற்றுவது?

உங்களுக்குப் பானை பழக்கத் தெரியுமா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் குக்கரோடு பிறந்தவர்கள். தெரியாவிட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், உபயோகப்படும். புதுப்பானையை அப்படியே அடுப்பில் ஏற்றக் கூடாது. அரிசி கழுவின தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு வெயிலில் காயவைத்து உள்ளேயும் வெளியேயும் எண்ணெய் தடவி மறுபடி வெயில். பிறகு வடிகஞ்சியை ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட வேண்டும். அதன்பிறகும் கசிந்தால் கேப்பைக்கூழ் காய்ச்சி ஆறவிட்டால் இருக்கிற கண்ணெல்லாம் அடைபட்டுப்போகும். நான் பழக்கின சட்டியில் புளிக்குழம்பை வைத்தால் மறுநாள் வெளிப்பக்கம் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாது. எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்குப் புதுச்சட்டி வாங்கினால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

அதனால் கூட்டத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். பானையைப் பழக்காமல் யாரும் புதைக்கக் கூடாது. கழுநீர், எண்ணெய், கஞ்சி, கூழ், ஒன்று விடக் கூடாது. மாடத்தி மட்டும், "சோறு பொங்கவா போறோம் மதினி, மண்ணுக்குள்ள வைக்கிற பானைக்கு எதுக்கு எண்ணெய்?" என்றாள். அந்த அசட்டைதான் அவளிடம் எனக்குப் பிடிக்காது. "உன் வீட்டு அடுப்புலயே உனக்கு அக்கறை கெடையாது, மண்ணுக்குள்ள என்ன அக்கறை இருக்கப்போவுது" என்று சொன்னேன். அடங்கிவிட்டாள்.

வீடு வீடாகப் போனேன். சொன்னால் மட்டும் செய்துவிடுவார்களா? நானே நின்று பார்த்தேன். ஒருத்தி எண்ணெயை மிச்சம் பிடித்து உள்பக்கம் மட்டும் தடவியிருந்தாள். நானே என் வீட்டு எண்ணெயைக் கொண்டுபோய் வெளிப்பக்கம் தேய்த்துக் கொடுத்தேன். தோள்பட்டை கழன்றுபோயிற்று. ஒருத்திகூட நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த வாரம் முழுக்க ஊர்த் தெருவில் எண்ணெய் வாசமும் கூழ் வாசமும்தான்.

சண்முகக்கனி வீட்டுக்கு மட்டும் உள்ளே போக முடியவில்லை. அவள் சின்னப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். அம்மை இறங்கின வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, தாளிப்பு கிடையாது, வெளியாள் உள்ளே போகக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா. நான் தெருவில் நின்றபடியே, "ஏட்டி கனி, பானையப் பழக்கிட்டியா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து, "ஆச்சு மதினி" என்று சத்தம் வந்தது. நம்பினேன். படித்த பிள்ளை பொய் சொல்லாது என்று நம்புகிறவள் நான்.

மாசியில் பானைகளைப் புதைத்தோம். நாற்று நட்டோம். அகிலன் சார் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நடுவில் ஒரு மழையும் விழுந்தது, செடி பிடித்துக்கொண்டது.

அதன்பிறகுதான் பாருங்கள், என் பானையின் அருமை தெரிந்தது. நிறைத்தது நிறைத்தபடி இருந்தது. காலையில் மூடியைத் தூக்கிப் பார்ப்பேன், கழுத்துவரை தண்ணீர். சாயங்காலம் பார்ப்பேன், கழுத்துவரை தண்ணீர். அடுத்த லாரி வரும்போதும் அப்படியே இருந்தது. பாதித் தண்ணீரில் பயிர் வரும் என்றுதானே அந்தப் பிள்ளை சொன்னது? எனக்குத் தண்ணீரே செலவாகவில்லை. மற்றவர்கள் பானையும் அப்படித்தான். என் பங்குக் குடங்களைத் தொட்டியிலேயே விட்டுவைத்தேன். சிக்கனம் என்றால் இதுதான் என்று கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன்.

கனியின் பானை மட்டும் இரண்டு நாளுக்கொரு தடவை காலி. அவள் இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு வருவதும் ஊற்றுவதும். திரும்பிப் பார்த்தால் மறுபடி வருவாள். பானையைச் சுற்றி மண் கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. நல்ல குடும்பத்தில் அடுப்படியில் அப்படி ஈரம் கிடந்தால் மாமியார் சும்மா விடுவாளா?

பங்குனி வெயில் ஏறியது. என் செடி கொஞ்சம் வாட ஆரம்பித்தது. கொஞ்சம்தான். இலை சுருண்டு கீழ்ப்பக்கம் தொங்கியது. நாற்று சரியில்லை என்று எனக்கு நட்ட அன்றைக்கே தெரியும், சொன்னால் குறை சொல்கிறேன் என்பார்கள் என்று விட்டுவிட்டேன். கண்ணேறு வேறு. என் பாத்தி ரோட்டைப் பார்த்த பாத்தி, போகிறவர்கள் வருகிறவர்கள் கண் எல்லாம் அதில்தான். ஒரு பூசணிக்காயில் முகம் வரைந்து கட்டினேன். பூசணியும் வதங்கியது.

ஒருநாள் விடியற்காலையில் மாடத்தி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு பாத்திப் பக்கம் போனாள். பின்னாலேயே போனேன். செம்பு. செடியின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். "பானை நெறயத் தண்ணி இருக்கும்போது மேல ஊத்துறியே, கொடுத்தவுங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றேன். அவள் செம்பை முந்தானையில் துடைத்தபடி, "செடிக்குத் தண்ணி வேணும் மதினி. பானைக்கு இல்ல" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கு வரை விளங்கவில்லை. அவள் பேச்சே அப்படித்தான், பாதி வாய்க்குள்ளேயே இருக்கும். மேலே ஊற்றக் கூடாது என்று அன்றைக்கே தடை போட்டேன்.

கனியின் பாத்தியோ நாளுக்கு நாள் நிறைந்துகொண்டே போனது. கத்திரிச் செடி இடுப்பு உயரம். காய் ஒன்றொன்றும் மினுமினுவென்று. அவள் ஒருத்தி பாத்தியிலிருந்துதான் தெருவுக்கே காய் போனது. என் வீட்டுக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன், ஆனால் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்தேன். அவர் தட்டிலிருந்து தலை தூக்கி, "காய் நல்லா இருக்கே, நம்ம பாத்தியா?" என்று கேட்டார். இத்தனை வருசத்தில் என் சமையலைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அதையும் அந்தக் கனி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்குத்தான் யோசித்தேன். ஒரு பானை தண்ணீர் இரண்டு நாளில் எங்கே போகிறது? மண்ணுக்கடியில் ஓடித்தானே போக வேண்டும். அவள் பாத்தி என் பாத்திக்கு அடுத்தது. என் செடியின் வேரெல்லாம் அவள் ஈரத்தைத் தேடி அந்தப் பக்கம் போயிருக்கும். பாதிச் சத்து அவளுக்கு, வாட்டம் எனக்கு. போதாததற்கு நாங்கள் மிச்சம் பிடித்துத் தொட்டியில் விட்ட தண்ணீரை அவள்தான் மொண்டுகொள்கிறாள். இது திருட்டா இல்லையா? நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லிவிட்டால் பொறாமை என்பார்கள்.

கூட்டம் போட்டேன். தலைவி தேர்வு நெருங்குகிறதே, அதனால்தான் கனியை இழுத்துப்போட்டாள் என்று மாடத்தி பிறகு சொன்னாளாம். எனக்கு அந்த நினைப்பே இல்லை. தேர்வுக்கு முன்னால் இதை முடித்துவிட்டால் நல்லது என்று மட்டும்தான் நினைத்தேன்.

மேல்நிலைத் தொட்டி நிழலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எனக்கு நாற்காலி. கனி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மைத் தழும்பு அதன் கன்னத்தில் இன்னும் மறையவில்லை. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். எல்லார் பானையிலும் தண்ணீர் நிற்கிறது, உன் பானையில் மட்டும் நிற்கவில்லை, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் பொறுப்பு என்று வந்தால் இரக்கம் பார்க்க முடியாது.

"நான் பானையப் பழக்கல மதினி" என்றாள். "வீட்டுல அம்மை இருந்துச்சு. எண்ணெ தொடக் கூடாது. நீங்க தெருவுல நின்னு கேட்டீங்க, ஏசுவீங்களேன்னு ஆச்சுன்னு சொல்லிட்டேன். அப்படியே பொதைச்சிட்டேன். பொய்தான். மன்னிச்சிருங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சந்தேகப்பட்டது சரியாகிவிட்டதே. நான் எழுந்து நின்றேன். "கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? இவ ஒருத்திதான் பழக்கல. அதனாலதான் கசியுது" என்றேன்.

அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி கனியின் பாத்தியைப் பார்த்தாள். அப்புறம் எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள்.

மாடத்திதான் வாயைத் திறந்தாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். "அப்போ, பழக்காத பானைக்கித்தான் காய் காய்க்குது. அப்படித்தான மதினி?"

"காய்க்கிறதா முக்கியம்? ஒழுங்குதான் முக்கியம்" என்றேன்.

அது நல்ல பதில் இல்லையா தங்கச்சி? அன்றைக்கு எனக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கனிக்குப் பாதித் தண்ணீர்தான் என்று தீர்ப்பும் சொன்னேன். சரி சரி என்று எழுந்து போனார்கள். காப்பிகூடக் குடிக்கவில்லை, அவ்வளவு மனசில் தைத்துவிட்டது.

எப்படித் தைத்தது என்று மறுநாளே தெரிந்தது. விடிந்து பார்த்தால் பாத்தியில் ஒரு பானைகூடக் கிடையாது, என்னுடையதையும் கனியுடையதையும் தவிர. அத்தனையும் தோண்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டுக்கு வீடு கொல்லைப்பக்கம் புகை. பனையோலையும் எருவட்டியும் போட்டு எரிக்கிறார்கள், நெருப்புக்குள் பானைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒருத்தி செங்கல்தூளை வைத்துத் தேய்க்கிறாள். என்னடி இது என்று மாடத்தியைக் கேட்டேன். நெருப்பைக் கிளறியபடியே, "இன்னொரு மட்டம் சூடு காட்டுறோம் மதினி, நீங்க சொன்னதுலயிருந்து மனசு ஆறல" என்றாள்.

நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவு. ஆனால் நெருப்பில் நேரடியாகப் போடுவது பழக்குகிற முறை இல்லை, ஒட்டின எண்ணெயெல்லாம் எரிந்து போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன். "அப்படியா மதினி" என்று கேட்டுக்கொண்டாள். ஆர்வத்தில் செய்கிறவர்களை ரொம்பவும் திருத்தக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

பானைகள் மறுபடி மண்ணுக்குள் போயின. நான் பயந்த மாதிரியே எல்லாம் கசிய ஆரம்பித்துவிட்டன. பாத்தி பாத்தியாக மண் கறுத்தது. செத்தது என்று விட்டிருந்த வெண்டை அடியிலிருந்து துளிர்த்தது, கொத்தவரை பூத்தது. கனிக்குப் பாதித் தண்ணீர் என்று நான் சொன்ன தீர்ப்பு என்னவாயிற்று என்று கேட்காதீர்கள், ஆளாளுக்கு அவளுக்கு ஒரு குடம் ஊற்றினார்கள். என் பானை மட்டும் நிறைந்தபடி நின்றது. சுற்றிலும் குச்சி குச்சியாக என் கத்திரி. ஊரே ஒழுங்கு கெட்டுப்போனாலும் ஒருத்தியாவது நிலையாக நிற்க வேண்டும் என்று நான் நின்றேன்.

வைகாசியில் அகிலன் சார் வந்தார். மற்றவர்கள் பாத்தியில் நின்று நின்று போட்டோ எடுத்தார். என் பாத்திக்கு வந்ததும் கேமராவை இறக்கிவிட்டார். மூடியைத் திறந்து பார்த்தார். எப்போது ஊற்றினது என்று கேட்டார். மாசியில் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கையை உள்ளே விட்டுத் தடவினார், விரலை முகர்ந்து பார்த்தார், கூழ் வாசனை வருகிறதே என்றார். நான் கழுநீரிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பிள்ளை மூடியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டது. அவ்வளவு படித்தும் இதெல்லாம் தெரியாதே பாவம்.

கடைசியில், "அம்மா, இந்தப் பானை கசியணும்மா. கசியிறதுக்குத்தான் இதைக் கொடுத்ததே" என்றார்.

"கொடுத்தது நீங்க. நீங்க அப்படித்தான் சொல்லணும் சார்" என்றேன். குழுவை விட்டுக்கொடுக்கக் கூடாதல்லவா.

அவர் மூடியைப் பானைமேல் திரும்ப வைத்தார். அப்போது மாடத்தி முன்னால் வந்தாள். என்னை இத்தனை வருசம் கரித்துக்கொட்டினவள், அன்றைக்கு எனக்காகப் பேசினாள் தங்கச்சி. மானாமதுரையில் உங்கள் டிரஸ்ட் மண்பானைச் சமையல் கேண்டீன் போடுகிறது என்றீர்களே சார், அத்தனை புதுச்சட்டியையும் யார் பழக்குவார்கள் என்று கேட்டாள். அதற்குத்தான் ஆள் தேடுகிறோம், பழக்காத சட்டியில் குழம்பெல்லாம் ஒழுகி அடுப்பு அணைகிறது என்றார் அவர். "எங்க மதினி கை பட்ட சட்டி ஒரு சொட்டு விடாது சார். இந்தா கண்ணு முன்னால இருக்குல்லா" என்று என் பானையைக் காட்டினாள் மாடத்தி. மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஆமா சார், மதினி மாதிரி இந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது சார் என்று ஒரே குரல். குழுவில் ஒரு விஷயத்துக்கு எல்லோரும் ஒத்துப்போய் நான் பார்த்ததே அன்றைக்குத்தான். கனிகூடத் தலையை ஆட்டினாள்.

எனக்குத்தான் தயக்கம். ஆனியில் தேர்வு இருக்கிறதே என்றேன். "தலைவி பதவி எங்க மதினி போயிரும்? நீங்க இல்லாத நேரத்துக்கு ஒரு பேருக்குக் கனிய உக்காத்தி வைக்கிறோம். அவ சத்தம் போடக்கூடத் தெரியாதவ" என்றாள் மாடத்தி. அதுவும் சரிதான். எவ்வளவு நாளைக்கு என்று அகிலன் சாரைக் கேட்டேன். அவர் மாடத்தியைப் பார்த்தார், மாடத்தி தரையைப் பார்த்தாள். "அங்க சட்டி நிறைய இருக்கும்மா" என்றார்.

இன்றைக்குக் காலையில் என்னை வழியனுப்ப அத்தனை பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்கள், நீங்களும் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்காரர் வரவில்லை, மூட்டுவலி. ஆனால் குழு முழுக்க வந்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள் லீவு போட்டு வந்தார்கள். மாடத்தி டிக்கெட்டுக்குப் பணத்தைக் கண்டக்டர் கையிலேயே கொடுத்து, கடைசி ஸ்டாப் வரைக்கும் என்று இரண்டு தடவை சொன்னாள், நான் நடுவில் எங்கேயாவது இறங்கிக் கஷ்டப்படக் கூடாது என்று. கனி காலில் விழுந்து கும்பிட்டாள். பஸ் கிளம்பாமல் நின்றது, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். வெயில் அவர்கள் தலையில் இறங்குகிறது, ஒருத்திகூட நகரவில்லை. போங்கள் பிள்ளைகளா, வேலையைப் பாருங்கள் என்றேன். "நீங்க கெளம்பினதப் பாத்துட்டுத்தான் மதினி போவோம்" என்றார்கள்.

இன்னொன்று கவனித்தேன். அத்தனை பேரில் ஒருத்திகூட, "எப்ப மதினி திரும்பி வருவீங்க?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்து அழுதிருப்பேன், பஸ்ஸை விட்டு இறங்கியும் இருப்பேன். அது அவர்களுக்குத் தெரியும். கேட்கக் கூடாது என்று வீட்டிலிருந்தே பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். ஒருத்தி வாய் தவறிக்கூடக் கேட்கவில்லையே. அப்படி ஒரு கட்டுப்பாடு. அது யார் வளர்த்த குழு, நீங்களே சொல்லுங்கள்.